அப்டேட்: டிகிரி இல்லாம வெப் டெவலப்பர் வேலை, கிடைச்சிருச்சு

போன வருஷம் "பன்னெண்டாவதோட நிறுத்திட்டேன், வெப்சைட் பண்ற ரியாக்ட்ங்கற கோடிங் டூல் தெரியும், ஒரு இன்டர்வியூ கால் கூட வரல"ன்னு புலம்பியிருந்தேன்ல, அதோட அப்டேட். கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனி, மாசம் 15,000, கம்மிதான், தெரியும். ஆன்லைன்ல அப்ளை பண்ணதெல்லாம் வேஸ்ட். மாமா மளிகைக் கடைக்கு கடன் நோட்டுக்கு பதிலா ஒரு சைட் பண்ணிக் குடுத்தேன், அங்க சாமான் வாங்க வர்ற ஒரு அண்ணன் அத பாத்துட்டு அவங்க ஆபீஸ்ல சொல்லிவிட்டாரு. இன்டர்வியூல சர்டிஃபிகேட்டே கேக்கல, அந்த சைட்ட தொறந்து ரியாக்ட்ல யூஸ்எஃபெக்ட்ல (பேஜ் ஸ்கிரீன்ல வந்தப்புறம் ஓடுற கோட்) டிபென்டன்சி அரே (எது மாறுனா மட்டும் அது திரும்ப ஓடணும்ங்கற லிஸ்ட்) போடாம ஸ்டேட்ட (பேஜ் ஞாபகம் வச்சிருக்கற டேட்டா) மாத்துனா என்னாகும்னாங்க, நான் அதே தப்ப பண்ணிட்டு ஒரு ராத்திரி தூங்காம கெடந்தவன், நிக்காம திரும்பத் திரும்ப ஓடி லூப்பாகிட்டே இருக்கும்னு உடனே சொல்லிட்டேன். கிட்ல (டீமா எழுதுற கோட சேத்து வைக்கிற டூல்) கான்ஃப்ளிக்ட் வந்தா, அதாவது ரெண்டு பேரு ஒரே வரிய வேற வேற மாதிரி மாத்திட்டா, என்ன பண்ணுவன்னு கேட்டப்பதான் முழிச்சேன், தனியா கோட் அடிச்சவனுக்கு அதெல்லாம் எங்க வந்துச்சு. அம்மா மட்டும் இன்னும் கரஸ்ல பிசிஏ போடுடாங்கறாங்க.