விசிறி வாழை சுவரில் முட்டுகிறது, ஹெலிகோனியா பூக்கவே இல்லை. என்ன செய்யலாம்?

இலைக்காடு:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதில் பெரிய பெரிய இலைச் செடிகளாக வைத்துக் காடு மாதிரி ஆக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு உயரத்தில் ஒரு விசிறி வாழைக் கன்று வைத்தேன், காம்பவுண்ட் சுவரிலிருந்து நாலடி தள்ளி. இப்போது அது என்னைவிட உயரம். ஒரு பக்கத்து இலைகள் சுவரில் உரசி மடங்குகின்றன, மறுபக்கத்து இலைகளைக் காற்று நார் நாராகக் கிழித்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் யானைக்காதுச் செடியில் இலை ஓரமெல்லாம் பழுப்பாகிக் காய்ந்து கையில் நொறுங்குகிறது. ஹெலிகோனியா புதர் நன்றாக அடர்ந்திருக்கிறது, ஆனால் வைத்த நாளிலிருந்து ஒரு பூ கூட வரவில்லை. இத்தனைக்கும் புதிதாகத் துளிர்க்கட்டும் என்று வருடத்துக்கு ஒரு முறை தரையோடு வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் செடிக்கு ஒரு வாளி போர் தண்ணீர். உரம் கூட்ட வேண்டுமா, இல்லை விசிறி வாழையைப் பிடுங்கிவிட வேண்டுமா? பிடுங்க மனசே வரவில்லை.

ஈரமண்:
முதலில் கிழிவதையும் காய்வதையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

வாழை இலையில் பக்க நரம்புகள் நடுநரம்பிலிருந்து ஓரம் வரை ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், பலமான காற்று வந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். விசிறி வாழையும் அப்படித்தான். கிழிந்த இலை காற்றுக்கு வழிவிடும், முழுசாக இருந்தால் அவ்வளவு பெரிய இலை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக் காம்போடு ஒடியும். கிழிந்தாலும் பச்சையாக இருக்கும்வரை அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும், அதனால் அழகுக்காக வெட்டாதீர்கள். காற்று வரும் பக்கத்தில் உயரமான புதர்ச்செடிகளை வரிசையாக வையுங்கள். சுவரைவிட அதுதான் நல்லது, சுவரில் மோதும் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும்.

ஓரம் காய்வது தண்ணீர் விவகாரம். போர் தண்ணீர் உப்பாக இருந்து தினமும் ஒரு வாளி மட்டும் ஊற்றினால் அது மேல்மண்ணோடு நின்றுவிடும், தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். வேர் அந்த உப்பையும் சேர்த்து இழுக்கும், கடைசியில் அது போய்ச் சேரும் இடம் இலை ஓரம். செடிக்குக் கீழே மண்ணில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தினசரி வாளியை நிறுத்திவிட்டு, ஒன்றுவிட்ட நாளோ இரண்டு நாளுக்கு ஒரு முறையோ ஒரு அடி ஆழம் நனைகிற அளவுக்கு நிதானமாக விடுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை யானைக்காதுக்குக் கொடுங்கள். இப்போதைக்கு ரசாயன உரம் வேண்டாம், அதுவும் உப்புதான்.

அப்புறம் மூடாக்கு. சருகோ வைக்கோலோ மூன்று விரல்கடை உயரத்துக்குப் பரப்புங்கள், தண்டை மட்டும் ஒட்டக் கூடாது, ஒட்டினால் அழுகும்.

கிழங்குக்காரி:
ஹெலிகோனியாவுக்கு நான் சொல்கிறேன். நீங்கள் சுத்தம் செய்கிறேன் என்று பூவைத்தான் வெட்டியிருக்கிறீர்கள்!

வாழை மாதிரிதான் அதுவும். தரைக்குள் கிழங்கு, மேலே இலையுறைகள் சுருண்டு சுருண்டு ஆன தண்டு. ஒவ்வொரு தண்டும் இலைகள் விட்டு முதிர்ந்த பிறகுதான் அதன் நடு வழியாகப் பூ ஏறி வரும், அதுவும் ஒரே ஒரு தடவை. பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது, அதை மட்டும் அடியோடு எடுத்தால் பக்கக் கன்றுக்கு இடமும் வெளிச்சமும் கிடைக்கும். மொத்தப் புதரையும் வருடா வருடம் வெட்டினால் எந்தத் தண்டுக்கும் பூக்கிற வயசே வராது. இந்த வருடம் கத்தியை உள்ளே வையுங்கள், காய்ந்த இலையை மட்டும் உருவினால் போதும்.

வெயில் எவ்வளவு விழுகிறது? தொங்கு பூ விடும் வகை என்றால் தினம் நாலைந்து மணி நேரமாவது நல்ல வெளிச்சம் வேண்டும், அடர்ந்த நிழலில் இலையாக மட்டும் வளரும். தழைச்சத்தை வாரி இறைத்தாலும் அதே கதைதான்.

யானைக்காதை வெட்டும்போது கையுறை போடுங்கள், அதன் சாற்றில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, தோல் அரிக்கும், வாயில் பட்டால் நாக்கு வீங்கும். குழந்தைகளோ நாயோ இருந்தால் நடைபாதை ஓரத்தில் அதை வைக்காதீர்கள்.

பழைய மண்வெட்டி:
தம்பி, விசிறி வாழையைப் பிடுங்க வேண்டாம், இடம் மாற்றுங்கள், இப்போதே. பெயரில்தான் வாழை. அது மடகாஸ்கரிலிருந்து வந்தது, பறவைப்பூச் செடியின் குடும்பம். அடிமரம் வைத்து முப்பது அடிக்கு மேல் கூடப் போகும், விசிறியே பதினைந்து அடிக்குக் குறையாமல் விரியும். நாலடி எப்படிப் போதும்?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இலைகள் இரண்டே வரிசையில் எதிரெதிராக வருவதால் விசிறி தட்டையாக நிற்கும், கன்றை எந்தப் பக்கம் பார்த்து நட்டோமோ அப்படியேதான் பெரிதாகும். உங்களுடையது சுவருக்குக் குறுக்கே நிற்கிறது, அதனால்தான் ஒரு சிறகு முட்டுகிறது. சுவரிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி, விசிறி சுவருக்கு இணையாக நிற்கும்படி திருப்பி நடுங்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது செய்யுங்கள். அதற்கு மூன்று நாலு வாரம் முன்னால் அடியைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி மண்வெட்டியால் வட்டமாக வேரை அறுத்துவிட்டு அப்படியே விடுங்கள், உள்ளே புது வேர் பிடிக்கும். தூக்கும்போது வெளி இலைகளைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள், குருத்தைத் தொடாதீர்கள். பழைய ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. பக்கக் கன்றுகள் இருந்தால் அப்போதே பிரித்துவிடலாம், இல்லையென்றால் விசிறி வடிவமே தெரியாமல் புதராகிவிடும்.

ஈரமண்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் புதுக் குழியில் முதலில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடிய வேண்டும், மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடம் வேண்டாம்.

இலைக்காடு:
எல்லாருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு இப்போதுதான் பின்பக்கம் போய் வந்தேன். யானைக்காது அடியில் சருகை விலக்கினால் மண் மேல் உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் படலம், விரலால் சுரண்டினால் பொருபொருவென்று வருகிறது. போன வாரம் வெட்டிப் போட்ட ஹெலிகோனியா தண்டு ஒன்று கிடந்தது, அதைப் பிளந்தேன். உறை மேல் உறையாக உரிக்க உரிக்க நடுவில் கெட்டியான காம்பு, அதன் நுனியில் விரல் நீளத்துக்குச் சிவப்பாக மடிந்து மடிந்து பூங்கொத்து. வெளியே வரக் காத்திருந்திருக்கிறது அக்கா, பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இன்னும் ஏழு தண்டு வெட்டாமல் நிற்கிறது, தொட மாட்டேன். ஒரே ஒரு சந்தேகம், யானைக்காது இலை நுனியில் காலையில் தண்ணீர் சொட்டுகிறதே, அதுவும் உப்பாலா?

கிழங்குக்காரி:
இல்லை, அது நல்லதுதான். ராத்திரி வேர் இழுத்த தண்ணீர் அதிகமானால் இலை நுனி வழியாக வெளியேற்றும், மண் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் கொத்து வெளியே வந்ததும் படம் போடுங்கள்.