பங்குனி வெயிலில் பிள்ளைகளோடு குசினியில்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

வட்டக்கச்சி அப்பம்மா:

என் மகன் குடும்பம் ரொறன்ரோவில் இருக்கிறது. இந்தப் பங்குனியில் ஐந்து வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அங்கே மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிழமை விடுமுறை. இவர்கள் அதோடு இன்னொரு கிழமையை ஒட்டவைத்துக்கொண்டார்கள்.

வந்த மூன்றாம் நாள் மருமகள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பச்சைத் தண்டு ஒன்றின் பள்ளத்தில் கச்சான் (நிலக்கடலை) விழுதைப் பூசி, அதன் மேல் முந்திரிகை வற்றலை வரிசையாக ஒட்டியிருந்தது. தண்டு மரக்கட்டையாம், வற்றல் எறும்பாம். பனி கரைந்து பூச்சி புழுக்கள் வெளியே வருகிற காலத்தில் அங்கே பிள்ளைகளோடு இதைச் செய்வார்களாம். "இங்கேயும் செய்வோம் மாமி, அவன் ஆசைப்படுகிறான்" என்றாள்.

சந்தையில் செலரி கேட்டேன். விரல் பருமன்கூட இல்லாத தண்டுகளோடு ஓர் இலைக்கட்டைத் தந்தார்கள். சூப்புக்குப் போடலாம், எறும்பு ஏறினால் சாய்ந்துவிடும். எனவே வெள்ளரிக்காயை நீளவாட்டில் பிளந்து, கரண்டியால் விதையை வழித்தெடுத்தேன். நல்ல பள்ளம் கிடைத்தது. கச்சானுக்குக் குறைவில்லை, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போன அன்று வாங்கிய வறுத்த கச்சான் இரண்டு பை கிடந்தது. பேரனும் பக்கத்து வீட்டுப் பையனும் உட்கார்ந்து கோது உடைத்துத் தோல் ஊதினார்கள். வீடு முழுவதும் தோல். அம்மியில் நான் அரைக்க, குழவியின் மறுபக்கத்தைப் பேரன் பிடித்துக்கொண்டான். முதலில் வெறும் தூள்தான். "இது விழுது இல்லை, மண்" என்று கையை எடுத்துவிட்டான். விடாமல் அரைத்தால் கச்சான் தன் எண்ணெயைத் தானே விடும். தூள் கட்டியாகி, கட்டி இளகி, அம்மி பளபளத்தபோது அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். போத்தலில் வருகிற சாமான் கல்லிலிருந்து வருவதை அவன் எங்கே கண்டான்? ஒரு துண்டு பனங்கட்டியையும் சேர்த்து அரைத்தோம்.

கடையில் பிளம்ஸ் என்று விற்கிற முந்திரிகை வற்றலை எறும்பாக ஒட்டித் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கிணற்றடியில் கை கழுவப் போனோம். திரும்பி வந்தால் பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான்: "ஆச்சி, உண்மையான எறும்பும் வந்துவிட்டது."

பனங்கட்டியை வெளியில் வைத்தது என் பிழை. பேரன் அழவில்லை. எது உண்மை எறும்பு, எது பிளம்ஸ் என்று அரைமணி நேரம் இருவரும் எண்ணினார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுக் கச்சானைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். முன்பின் கச்சான் சாப்பிடாத பிள்ளையென்றால் ஒத்துக்கொள்ளுமா என்று தாயிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இந்தக் காலத்தில் நீங்கள் பிள்ளைகளோடு என்ன செய்கிறீர்கள்? புத்தாண்டு விடுமுறையும் வருகிறது.

ஒட்டுசுட்டான் முன்பள்ளி ரீச்சர்:

அப்பம்மாவின் எறும்புக் கதையை எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். நாளைக்கே செய்வோம் என்கிறார்கள்.

பயிற்சிப் புத்தகங்களில் வசந்தகாலம் என்று ஒரு பகுதி வரும். துலிப் பூ, முயல், முட்டை. பழைய கணக்கில் சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில்தான். ஆனால் வன்னியில் அது குளம் வற்றி, நிலம் வெடித்து, நாய்கள் தண்ணீர்ப் பானையடியில் படுக்கிற காலம். அதற்குள்ளும் பூக்கிறது வேம்பு. எங்கள் முற்றத்தில் நிற்கிற மரம் பங்குனி பிறந்தால் காலையில் வெள்ளைப் பாய் விரித்ததுபோல் கொட்டிவைக்கும். எனவே நாலு வருடமாக நாங்கள் வேப்பம்பூ வடகம் போடுகிறோம்.

பின்னேரம் மரத்தின் கீழ் பழைய சேலை இரண்டை விரித்துக் கல் வைத்துவிட்டுப் போவோம். காலையில் பிள்ளைகள் வந்ததும் சேலையைச் சுற்றி உட்கார்ந்து பூப் பொறுக்குவார்கள். காம்பு, சருகு, எறும்பு எல்லாவற்றையும் விலக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தச் சிறிய பூவை இரண்டு விரலால் பிடிப்பதே பெரிய வேலை. பென்சில் பிடிக்கப் பழக்குவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பெரிய பிள்ளைகள் சுளகில் புடைக்கப் பார்ப்பார்கள். பாதிப் பூ தலையில் விழும்.

உழுந்தை முதல்நாள் இரவே நான் ஊறப்போட்டு, தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரைத்துக்கொண்டு வருவேன். சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், உப்பு. செத்தல் மிளகாயைப் பிள்ளைகளின் பங்கில் போடுவதில்லை. அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் அன்றைய பள்ளிக்கூடம் அதோடு முடிந்துவிடும். பூவைக் கொட்டிப் பிசைந்து, உள்ளங்கையில் எண்ணெய் தடவி, ஆளுக்கொரு உருண்டை கொடுத்தால், தட்டத் தொடங்குவார்கள். வண்ணத்துப்பூச்சி செய்யுங்கள், பூச் செய்யுங்கள் என்று நான் சொல்வேன். போன வருடம் ஒருவன் உழவு இயந்திரம் செய்தான். நாலு சக்கரம், பின்னால் கலப்பை. காய்ந்தபோது ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. தகப்பனைக் கூப்பிட்டுத் திருத்தலாம் என்றான்.

முதல் வருடத்தில் நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். அழகாக வரட்டும் என்று பிள்ளைகள் தடிப்பாகத் தட்டியதை அப்படியே விட்டுவிட்டேன். வெளியே கல்லுப்போல் காய்ந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே பூஞ்சணம். முழுவதையும் புதைத்துவிட்டு, காகம் கொண்டுபோய்விட்டது என்று பிள்ளைகளிடம் பொய் சொன்னேன். அதன் விளைவு, அடுத்த வருடம் தட்டுக்குக் காவல் போட்டார்கள். இப்போதும் காய்கிற மூன்று நாளும் முறைவைத்துத் தடியோடு இருவர் உட்காருவார்கள். என் பொய் இப்படி ஒரு வழக்கமாகிவிட்டது. தடிப்பு இப்போது ஒரு ரொட்டியளவுதான்.

பொரிப்பது நான் மட்டும். தாச்சியிலிருந்து ஆறடி தள்ளி வெண்கட்டியால் கோடு போட்டு, கோட்டுக்கு அப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும். பொரிகிற மணத்துக்கு எல்லோரும் கோட்டில் கால்விரல் வைத்து நிற்பார்கள். முதல் கடி கடித்ததும் முகங்களைப் பார்க்க வேண்டும்! கசக்கிறது என்று துப்பியவர்கள் உண்டு. ஆனால் தன்னுடைய வண்ணத்துப்பூச்சியைத் துப்பியவர்கள் குறைவு. அடுத்தவன் செய்ததைத்தான் துப்புகிறார்கள்.

முள்ளியவளைத் தகப்பன்:

எனக்குச் சமையல் வராது. நான் செய்வது நுங்கு. ஆள் வைத்துக் குலை இறக்கி, நான் சீவிக் கொடுப்பேன். கத்தியைப் பிள்ளைகள் தொடக்கூடாது. மூன்று கண்ணில் பெருவிரலை விட்டுத் தோண்டி உறிஞ்ச வேண்டும். என் சின்ன மகள் முதல்முறை குத்தியபோது தண்ணீர் நேராக என் கண்ணுக்குள் அடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நுங்கையும் என்னை நோக்கித்தான் பிடிக்கிறாள். பழைய சட்டை போட்டுவிடுங்கள், அந்தக் கயர் கறை போகாது. தின்ற கோம்பை இரண்டைத் தடியில் கோத்தால் வண்டி. அதற்குமேல் அன்றைக்குப் பிள்ளைகளை வீட்டில் தேடவேண்டியதில்லை.

வைகாசியில் பாலைப்பழம் வரும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிற சனம் போத்தலில் வாங்கிக்கொண்டு போகும். பால் உதட்டில் ஒட்டி, வாயைத் திறக்கமுடியாமல் பிள்ளைகள் திண்டாடுவார்கள். தேங்காயெண்ணெய் பூசினால் விடும். ஓயாமல் கதைக்கிற பிள்ளைக்கு நல்ல மருந்து என்று என் தாயார் சொல்வார். காட்டுக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொறுக்கப் போகாதீர்கள். கரடிக்கும் அதே பழத்தில்தான் ஆசை.

லண்டன்காரி (ஊர் முல்லைத்தீவு):

எங்கள் வீட்டில் உயிர்த்த ஞாயிறு பெரிய நாள். லண்டனில் அதையொட்டிப் பிள்ளைகள் சொக்லேட்டை உருக்கி, கோர்ன்பிளேக்ஸைப் பிரட்டி, குருவிக்கூடு செய்து, நடுவில் சிறிய சொக்லேட் முட்டைகளை வைப்பார்கள். போன வருடம் ஊருக்கு வந்தபோது என் இரண்டு பெண்களும் மச்சானின் பிள்ளைகளுக்கு அதைச் செய்து காட்ட வேண்டும் என்று சாமானெல்லாம் பெட்டியில் கொண்டுவந்தார்கள். கடற்கரை வெயிலுக்கு முட்டைகள் பெட்டிக்குள்ளேயே ஒரே முட்டையாகிவிட்டன. கூடு இறுகவே இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம், மின்சாரம் போனது.

பெரிய அழுகை. அம்மா ஒன்றும் பேசாமல் இடியப்ப உரலை எடுத்துவந்தார். "கூடுதானே வேண்டும்?"

வறுத்த அரிசி மாவைக் கொதிநீரில் அம்மாவே குழைத்தார். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் நாலு பிள்ளைகளும் சேர்ந்து பிழிந்தார்கள்; இருவர் உரலைப் பிடிக்க, இருவர் தொங்கினார்கள். தட்டில் விழுந்தது வட்டமாக வராமல் ஒரு பக்கம் குவிந்து, ஒரு பக்கம் ஓட்டையாக, அசல் குருவிக்கூடுபோலவே இருந்தது. அவித்து இறக்கி, நடுவில் விரலால் அமுக்கிப் பள்ளம் செய்தோம்.

முட்டைக்குப் பயத்தம் உருண்டை. வறுத்துத் திரித்த பயற்றமா, தேங்காய்ப்பூ, கொஞ்சம் மிளகு சீரகத்தூள், சீனிப்பாகு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சூட்டோடு பிடித்தால்தான் உருண்டை நிற்கும், அந்தச் சூடு பிள்ளைகளின் கைக்கு ஆகாது. ஆறவிட்டால் உதிரும். அம்மா மாவை மூன்று சிறிய கிண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பிடிக்கிற நேரத்தில் மட்டும் ஒரு தேக்கரண்டி இளஞ்சூட்டுப் பாகு விட்டார். அப்படியே நின்றது. கூட்டுக்கு மூன்று முட்டை, மேலே பனங்கட்டிப் பாகு.

படம் எடுத்து லண்டன் சிநேகிதிகளுக்கு அனுப்பினேன். அம்மா பார்த்துவிட்டு, "சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு இடியப்பம் தின்றுதானே நீயும் வளர்ந்தாய். இதற்குப் படம் எதற்கு?" என்றார்.

பழைய ஆள்:

எல்லாவற்றையும் வாசித்தேன். சாப்பாட்டை விளையாட்டுச் சாமானாக்குவது எனக்கு அவ்வளவு பிடிக்காது. 1995 கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தோம். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை இருந்த காலம். சீனி என்பது நோயாளிக்கும் விருந்தாளிக்கும். நாங்கள் பனங்கட்டியில் ஒரு கடி, வெறுந்தேநீரில் ஒரு முடறு. எனக்குப் பெரிய துண்டு கிடைத்ததா, தம்பிக்கா என்று சண்டை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பதைப் பழமொழியாகப் படிக்கவில்லை. இலுப்பைப்பூவைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான்.

இப்படி எழுதிவிட்டு அனுப்பப் போனேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. கொழுக்கட்டை அவிக்கும்போது அம்மா கடைசி மாவில் ஒரு பிடியை எங்களுக்குத் தருவார். நான் குருவி செய்வேன். கண்ணுக்கு இரண்டு பயறு. தம்பிக்குக் குருவி வராது, அவனுடையது எப்போதும் பாம்புதான். அம்மா அவற்றைத் தனியே ஓரத்தில் வைத்து அவித்து, யாருடையது எது என்று மாறாமல் கொடுப்பார். உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் மா. அதைத்தான் முதலில் தின்போம்.

சரி, என் பேத்திக்கு அரிசி மா குழைத்துக் கொடுக்கிறேன். கச்சானில் எறும்பு செய்யமாட்டேன்.

வட்டக்கச்சி அப்பம்மா:

பழைய ஆள் ஐயா, எறும்பு வேண்டாம், குருவி போதும். படம் போடுங்கள்.

ரீச்சர் சொன்னபடி நானும் பக்கத்து வீட்டுப் பையனும் சித்திரையில் கடைசிப் பூவில் வடகம் போட்டோம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்து திரும்பிய உறவுக்காரர் ஒருவரிடம் ஒரு ஹார்லிக்ஸ் போத்தல் நிறையக் கொடுத்துவிட்டேன். மருமகள் ஜன்னலைத் திறக்காமல் பொரித்ததில் வீட்டுப் புகை அலாரம் அலறியதாம். பேரன் ஒன்றைக் கடித்துவிட்டு, எறும்பு மரக்கட்டைதான் திறம் என்று தொலைபேசியில் சொன்னான். பரவாயில்லை. ஆனால் போத்தலைத் தன் அறையில் வைத்திருக்கிறானாம், வருகிறவர்களுக்கு ஒன்று கொடுத்து முகத்தைப் பார்ப்பதற்கு.

ரீச்சர், என்னுடையது எண்ணெயில் விழுந்ததும் உடைந்து உதிர்ந்துவிட்டது. உழுந்தை நான் கண்ணளவில்தான் போட்டேன். அளவு என்ன?

ஒட்டுசுட்டான் முன்பள்ளி ரீச்சர்:

இரண்டு சுண்டு பூவுக்கு ஒரு சுண்டு உழுந்து, அப்பம்மா. உழுந்து குறைந்தால் உதிரும். கூடினால் கசப்புத் தெரியாது, பிறகு பேரனுக்கு முகம் பார்க்கக் கிடைக்காது.