பெடல் கயாக்கில் கெளுத்திக்கு ட்ரோலிங் போகலாமா?

கொலம்பியாக்காரன்:
வணக்கம். தென் கரோலினாவுக்கு வந்ததிலிருந்து கரையில் உட்கார்ந்துதான் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது காலால் மிதித்து ஓட்டும் சின்னப் படகு, பழைய பெடல் கயாக் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இங்குள்ள மோல்ட்ரி ஏரியில் படகுக்காரர்கள் தூண்டில்களைப் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டே போய், அதாவது ட்ரோலிங் செய்து, ப்ளூ கெளுத்தி பிடிக்கிறார்கள். நானும் அதேபோல் மிதித்தால் இரை மேலே எழும்பி வந்துவிடுகிறது. ஈயத்தைக் கூட்டினால் அடியில் மாட்டுகிறது. கயாக்கில் இது சரிப்பட்டு வருமா?

ஏரிக்கரை மாமா:
தாராளமாக வரும் தம்பி. நீங்கள் மிதிப்பதுதான் அதிகம். சும்மா கால் போட்டாலே மணிக்கு மூன்று மைல் போகும் வண்டி அது. கெளுத்திக்கு அரை மைல் போதும், முக்கால் மைலுக்கு மேல் வேண்டாம். காற்றுக்கு முதுகைக் காட்டி, காற்றே தள்ளட்டும் என்று விடுங்கள். பெடல் முகப்பைத் திருப்ப மட்டும்தான். காற்று பலமாக இருந்தால் பின்னால் ஒரு ட்ரிஃப்ட் சாக் (தண்ணீரில் விரிந்து வேகத்தைக் குறைக்கும் துணிப்பை) கட்டிவிடுங்கள். ஜிபிஎஸ்ஸில் ஒரு கண் இருக்கட்டும். நம் கால் சொல்லும் வேகத்தை நம்பவே கூடாது.

அடுத்தது தூண்டில் கட்டு. இந்த ஊர்க்காரர்கள் கட்டுவதையே கட்டுங்கள்: தூண்டில் நரம்பில் ஓடும் ஈயம், அதற்குக் கீழே ஸ்விவல் என்ற சுழலும் வளையம், அதிலிருந்து இரண்டடி நரம்பு, நுனியில் வட்டமாக வளைந்த சர்க்கிள் முள். அந்த இரண்டடிக்கு நடுவே சுண்டுவிரல் அளவு தக்கை ஒன்று. ஈயம் தரையைத் தடவிக்கொண்டு போகும், தக்கை இரையை ஒரு சாண் தூக்கிப் பிடிக்கும். ஷாட் (shad) என்ற இரை மீனைத் துண்டு போட்டு, முள்ளின் நுனி வெளியே தெரியும்படி கோத்துவிடுங்கள். நுனி சதைக்குள் புதைந்தால் மீன் தங்காது.

பக்கத்து மேரியன் ஏரிக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். 1940களில் அணை கட்டியபோது, உலகப் போர் அவசரத்தில் மரங்களை முழுசாக வெட்டாமலே தண்ணீர் விட்டுவிட்டார்கள். இன்றும் அடியெல்லாம் மரக்கட்டை. மோல்ட்ரி அதைவிடத் திறந்த ஏரி.

இரண்டு தூண்டில் கம்புக்கு மேல் வேண்டாம். கடித்ததும் கம்பைப் பிடுங்கி இழுக்காதீர்கள். சர்க்கிள் முள் தானாகவே வாயோரத்தில் மாட்டும். கம்பு நன்றாக வளைந்து தண்ணீரைப் பார்த்த பிறகு எடுங்கள். எடுத்ததும் முகப்பை மீன் பக்கம் திருப்புங்கள். பக்கவாட்டில் இழுக்கவிட்டால் கவிழ்த்துவிடும், முன்னால் இழுத்தால் சவாரிதான். உயிர்காப்புச் சட்டை, கம்புக்குக் கயிறு, இரண்டும் கட்டாயம்.

துடுப்பாட்டக்காரி:
ஒன்று சேர்க்கிறேன். உங்களுடையது ப்ரொப்பெல்லர் பெடலா, துடுப்பு போல அசையும் ஃபின் பெடலா? ப்ரொப்பெல்லர் என்றால் பின்னால் மிதித்தாலே பின்வாங்கும். ஈயம் மாட்டும்போது அது பெரிய வசதி. ஆனால் தளர்ந்த நரம்பு ஒருமுறை சுற்றிக்கொண்டால் அன்றைய பொழுது அதைப் பிரிப்பதிலேயே போய்விடும். மீன் படகருகே வந்ததும் பெடலை மேலே தூக்கிவிடுங்கள்.

கொலம்பியாக்காரன்:
ப்ரொப்பெல்லர்தான் அக்கா. மாமா, பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரிலேயே தொங்கவிடலாமா? ஐஸ் பெட்டிக்கு இடமில்லை.

ஏரிக்கரை மாமா:
வேண்டவே வேண்டாம். அந்த ஏரியில் முதலை உண்டு. சிறிய ஐஸ் பையைக் காலடியில் வையுங்கள். பெரிய மீனை மடியில் தூக்கிப் போடாதீர்கள். முதுகு முள்ளும் பக்க முள்ளும் விறைத்து நிற்கும், தொடையில் ஏறினால் தெரியும் சேதி. கீழ்த்தாடையைக் கவ்வும் கிரிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். படகின் பக்கத்திலேயே வைத்து தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிடலாம்.

குழம்புக்கு மூன்று, நான்கு பவுண்டு மீன்தான் ருசி. தோலுரித்ததும் பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையைச் சீவி எறிந்துவிடுங்கள், சேற்று வாடை பாதிக்குமேல் அதில்தான். அப்புறம் புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்தால் போதும். கிளம்புமுன் மாநில மீன்பிடி உரிமமும் அந்த ஏரிக்கான அளவு விதியும் பார்த்துக்கொள்ளுங்கள்.