ஆங்கிலம் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளையா, ஜெர்மானிய வீட்டுப் பிள்ளையா?

கடல்மீன்:
ஆங்கிலத்தை ஜெர்மானிய மொழி (ஜெர்மன், டேனிஷ் எல்லாம் சேர்ந்த குடும்பம்) என்று இன்னும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 1066-இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான். ஜட்ஜ், ஜஸ்டிஸ், கவர்ன்மென்ட், பார்லிமென்ட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அகராதியைப் புரட்டினால் பாதிக்கு மேல் பிரெஞ்சும் லத்தீனும். அப்புறம் எதற்குப் பழைய குடும்பப் பெயர்?

நெய்தல்:
அகராதியில் எண்ணினால் அப்படித்தான் வரும் நண்பரே. பேச்சில் எண்ணிப் பாருங்கள். ஐ, யூ, இஸ், அண்ட், ஹவுஸ், வாட்டர்: ஒன்றுகூட பிரெஞ்சு இல்லை. அதைவிடப் பெரிய சாட்சி ஒலி. லத்தீனில் 'ப' வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' வரும். அங்கே பாட்டெர், இங்கே ஃபாதர். அங்கே பிஸ்கிஸ், இங்கே ஃபிஷ். பாதத்துக்கு ஃபுட் என்பது பிறந்த வீட்டுச் சொல். பெடல் கடன் வாங்கியது, அந்த ஒலிமாற்றம் முடிந்த பிறகு வந்ததால் 'ப' அப்படியே நிற்கிறது. டூத் (tooth), டென்டிஸ்ட் (dentist) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், t, d என்று அதே கதை.

வடகாற்று:
ஜெர்மானியம், சரி. ஆனால் எந்தக் கிளை? தே, தெம், தெயர் மூன்றும் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தவை. பிரதிப்பெயரையே கொடுத்த மொழியை வெறும் கடன் கொடுத்தவன் என்று தள்ள முடியுமா? எக் என்பதும் அவர்கள் சொல்தான். 1490-இல் அச்சாளர் காக்ஸ்டன் எழுதிய முன்னுரையில், தேம்ஸ் வழியே போன வணிகர் ஒருவர் 'எக்கீஸ்' கேட்கிறார். வீட்டுக்காரப் பெண்ணோ தனக்கு பிரெஞ்சு தெரியாது என்கிறார். 'ஐரன்' என்று கேட்ட பிறகுதான் முட்டை என்று புரிகிறது! எமண்ட்ஸ், ஃபார்லண்ட் என்ற இரு மொழியியலாளர்கள் ஆங்கிலத்தை ஸ்காண்டிநேவிய மொழி என்றே 2014-இல் வாதிட்டார்கள்.

நெய்தல்:
அருமையான சம்பவம், ஆனால் அதுவே உங்களுக்கு எதிர்சாட்சி. ஊர்க்காரர் சொல் 'ஐரன்', வந்து சேர்ந்த சொல் 'எக்'. ஐந்து என்ற எண்ணைப் பாருங்கள். டேனிஷில் ஃபெம், ஜெர்மனில் ஃபுன்ஃப். அந்த மூக்கொலி (ம், ன்) ஆங்கில ஃபைவிலும், நெதர்லாந்தில் பேசும் ஃபிரீசிய மொழியின் ஃபீஃபிலும் இல்லை. வட கடலோரத்து ஃபிரீசியன்தான் ஆங்கிலத்தின் மிக நெருங்கிய உறவு.

கடல்மீன்:
ஃபுட், பெடல் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் ஜெர்மனில் இருக்கும் வேற்றுமை விகுதிகள் ஆங்கிலத்தில் உதிர்ந்தது நார்மானியரால்தானே?

வடகாற்று:
இல்லை ஐயா. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏடு என்ற லத்தீன் கையெழுத்துப் பிரதியின் வரிகளுக்கிடையே 10-ஆம் நூற்றாண்டில் எழுதிய வடக்கத்திய ஆங்கில உரையிலேயே விகுதிகள் குழம்பத் தொடங்கிவிட்டன. நார்மானியர் அப்போது கடலே தாண்டவில்லை.