'கை கொடு' சொன்னால் படுத்துவிடுகிறாள், உதவுங்கள்

எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்குட்டிக்கு 7 மாதம். 'உட்கார்' என்பதை 4 நாளில் கற்றுக்கொண்டாள். 'கை கொடு' மட்டும் 3 வாரமாகியும் வரவில்லை. தினமும் இரண்டு வேளை, 5 நிமிடம், சத்தமில்லாத அறையில்தான் பழக்குகிறேன்.

முதலில் நானே முன்னங்காலைப் பிடித்துத் தூக்கினேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். அப்புறம் தீனியை மூடிய கைக்குள் வைத்து நீட்டினேன். மோந்து பார்க்கிறாள், நக்குகிறாள், கடைசியில் படுத்துவிடுகிறாள். ஒரே ஒரு முறை இடது காலால் பிறாண்டினாள். உடனே பாராட்டித் தீனி கொடுத்தேன், ஆனால் மறுபடி செய்யவில்லை. பாதத்தில் காயம் இல்லை, நொண்டுவதும் இல்லை.

படுக்காமல், அவளாகவே பாதத்தைத் தூக்க வைக்க என்ன செய்யலாம்?