இரண்டு ஃபார்ம் 16, கட்ட வேண்டியது 45,000: நானே வருமான வரி ரிட்டர்ன் போடலாமா, ஆடிட்டரிடம் போகவா?

ஓசூர்_லேத்

வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 2024 செப்டம்பர் வரை வேறு கம்பெனி, அக்டோபரிலிருந்து இங்கே. பழைய இடத்தில் ஆறு மாதத்துக்கு மொத்தச் சம்பளம் 4,20,000. இங்கே மார்ச் வரை 5,40,000. இரண்டு ஃபார்ம் 16-லும் (கம்பெனி தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றிதழ்) டிடிஎஸ், அதாவது சம்பளத்தில் பிடித்த வரி, பூஜ்ஜியம். வங்கி வட்டி 15,000 வரும். பங்கு, மியூச்சுவல் ஃபண்டு எதுவும் இல்லை. வாடகை வீடு.

முன்பெல்லாம் பழைய கம்பெனியே ஆள் வைத்து எல்லோருக்கும் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துவிடும். இந்த வருஷம் நானே போடலாம் என்று வருமான வரிப் போர்ட்டலைத் திறந்து ஐடிஆர்-1 (சம்பளக்காரர்களுக்கான எளிய ரிட்டர்ன் படிவம்) நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் 45,000-க்கு மேல் கட்டச் சொல்கிறது! இரண்டு கம்பெனியும் வரி இல்லை என்று காட்டியிருக்கும்போது இது எங்கிருந்து வந்தது?

ஒரு ஆடிட்டர் ஆபீசில் 1,500 கேட்கிறார்கள். கூட வேலை செய்பவர் ஒரு ஏஜென்டைச் சொல்கிறார். கட்ட வேண்டியதே இல்லாமல் பண்ணித் தருவாராம், மிச்சமாகும் பணத்தில் பத்து சதவீதம் அவருக்கு. கடைசித் தேதி 2025 செப்டம்பர் 15. என்ன செய்யலாம்?

மாட்டுத்தாவணி

வெறும் சம்பளம், வட்டி என்றால் நீங்களே போடுங்கள் நண்பா. நான் பல வருஷமாக அப்படித்தான். பாதி விவரம் போர்ட்டலே நிரப்பி வைத்திருக்கிறது. 1,500 ரூபாய்க்கு வீட்டில் எல்லோரும் பிரியாணி சாப்பிடலாம். அந்த 45,000 கணக்கு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பவானி அக்கா வந்தால் சொல்வார்.

பவானி_ஈரோடு

வந்துவிட்டேன். ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீசில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவள் நான், இப்போது வீட்டில்தான் இருக்கிறேன்.

முதலில் கணக்கு. பழைய கம்பெனி 4,20,000-ல் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலையான கழிவு) 75,000 கழித்தது, 3,45,000. 2024-25 நிதி ஆண்டில் புதிய வரி முறையில் 7 லட்சம் வரை வருமானத்துக்கு 87ஏ பிரிவில் வரித் தள்ளுபடி இருந்தது, அதனால் வரி பூஜ்ஜியம். புதிய கம்பெனியும் அதே மாதிரி 75,000 கழித்து 4,65,000 என்று போட்டது, அங்கும் பூஜ்ஜியம். ஒருவர் கொடுத்த சம்பளம் இன்னொருவருக்குத் தெரியாது. போர்ட்டல்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. சம்பளம் 9,60,000, வட்டி 15,000, கழிவு ஒரே ஒரு 75,000. ஆக 9,00,000. அந்த ஆண்டு விகிதப்படி 3-லிருந்து 7 லட்சம் வரை 5 சதவீதம் 20,000, அடுத்த 2 லட்சத்துக்கு 10 சதவீதம் 20,000, செஸ் 1,600. மொத்தம் 41,600. மீதி நாலாயிரத்துச் சொச்சம், வரியை முன்கூட்டியே கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளில் போடும் வட்டி.

ஆகவே போர்ட்டல் சொல்வது சரிதான் தம்பி. 1,500 வாங்கிக்கொண்டு ஆடிட்டர் ஆபீசும் இதே தொகையைத்தான் சொல்லும். கழிவுகள் கேட்கக்கூடிய பழைய வரி முறைக்கு மாறினால் குறையுமா என்றும் போட்டுப் பார்த்தேன். 80சி-யில் (பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்புக் கழிவு) முழு 1,50,000, வாடகைக் கழிவு ஒரு லட்சம் என்று தாராளமாக வைத்தாலும் 49,000 பக்கம் வருகிறது. வீட்டுக் கடன் இருந்தால் தவிர புதிய முறையே உங்களுக்கு லாபம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் ஆடிட்டரே உட்கார்ந்து உங்கள் பேப்பரைப் படிப்பார் என்று நினைக்காதீர்கள். ஜூலை மாதம் எங்கள் மேஜையில் ஃபார்ம் 16 கட்டுக் கட்டாக வரும். என்னைப் போன்ற பெண்கள்தான் அதைச் சாஃப்ட்வேரில் ஏற்றுவோம். ஆடிட்டர் ஜிஎஸ்டி, கம்பெனி ஆடிட் என்று வேறு தலைவலியில் இருப்பார். நீங்கள் கொடுத்ததைத்தான் ஏற்ற முடியும். புதுக் கம்பெனியின் ஃபார்ம் 16-ஐ மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். வட்டி உண்டா என்று கேட்டால், "அதெல்லாம் சின்னத் தொகைம்மா" என்பார்கள். அந்தச் சின்னத் தொகை ஏஐஎஸ்-இல் (வரித்துறையிடம் உள்ள உங்கள் வருஷ வருமானப் பட்டியல்) பைசா சுத்தமாக ஏறியிருக்கும். அப்புறம் நோட்டீஸ் வந்தால் எங்களைத் திட்டுவார்கள்.

யார் டைப் அடித்தாலும் பொறுப்பு உங்களுடையது. ஏஐஎஸ், 26ஏஎஸ் (உங்களிடம் பிடித்த வரியின் பட்டியல்) இரண்டையும் போர்ட்டலிலிருந்து இறக்கி, பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். அதைச் செய்துவிட்டால் ஐடிஆர்-1-இல் மிச்சம் இருப்பது அரைமணி வேலை. அதற்கு எதற்கு 1,500?

ஆனால் சில வருஷங்களில் காசு கொடுத்தே ஆக வேண்டும். நிலம், வீடு விற்ற வருஷம் முதல் இடம். தாத்தா காலத்து நிலம் என்றால் 2001 ஏப்ரல் 1 மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 12.5 சதவீதமா, பணவீக்கக் கணக்கோடு 20 சதவீதமா, எது குறைவு என்று பார்க்க வேண்டும். வேறு வீடு வாங்கப் போகிறவர், அந்தப் பணத்தைக் கடைசித் தேதிக்குள் கேப்பிடல் கெயின்ஸ் கணக்கில் போட்டு வைக்காவிட்டால் சலுகையே போய்விடும். இதையெல்லாம் கிரயப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். எழுதி முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அவரால் பாதிதான் உதவ முடியும். அமெரிக்கக் கம்பெனி பங்கு கொடுத்திருந்தாலும் போங்கள். வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாமல் விட்டால் 10 லட்சம் அபராதம் போடச் சட்டம் இருக்கிறது.

அந்த ஏஜென்ட் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். சட்டப்படி குறைக்க வழியில்லை என்று மேலேயே பார்த்தோம். அவர் செய்யப்போவது, பழைய முறைக்கு மாற்றி, கொடுக்காத கட்சி நன்கொடை, இல்லாத மருத்துவச் செலவு என்று எழுதுவது. 2025 ஜூலை 14-ஆம் தேதி நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டது இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கத்தான், தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு. பொய்க் கழிவு என்று நிரூபணமானால் வரியோடு அதன்மேல் 200 சதவீதம் அபராதம். அவர் வாங்கிய பத்து சதவீதத்தைத் திருப்பித் தர வரமாட்டார். இன்னொன்று, இவர்களில் சிலர் உங்கள் கணக்கில் தங்கள் மெயிலையும் செல் நம்பரையும் பதிந்துவிடுவார்கள். நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாது. குறையுள்ள ரிட்டர்ன் என்று 139(9) பிரிவில் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 15 நாள்தான்.

காட்டூர்_டிரேடர்

அக்கா சொல்வதில் ஒரு பாதி மறுப்பு. சம்பளக்காரர் என்று சொல்லிக்கொண்டே செல்லில் எஃப்&ஓ (பங்குச் சந்தை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆடுகிற கூட்டம் இப்போது ஜாஸ்தி, நானும் அதில் ஒருவன். அது வியாபார வருமானம், ஐடிஆர்-3 படிவம் போட வேண்டும். நஷ்டத்தை எட்டு வருஷம் கொண்டுபோகலாம், ஆனால் கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டவருக்கு மட்டும். கோயம்புத்தூரில் என் ஆடிட்டர் 6,000 வாங்குகிறார். புரோக்கர் அறிக்கையிலிருந்து டர்ன்ஓவர் எடுப்பதிலிருந்து அவரே செய்கிறார். என் மட்டில் அது நியாயமான கூலி. ஓசூர் நண்பருக்கு இது பொருந்தாது, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

ஓசூர்_லேத்

அக்கா, மிக்க நன்றி. கணக்கைப் போட்டுப் பார்த்தேன், பைசா பிசகாமல் வருகிறது. பணம் புரட்ட இரண்டு வாரம் ஆகும். செப்டம்பர் 15 வரை நேரம் இருப்பதால் அப்போதே கட்டிக்கொள்ளலாமா?

பவானி_ஈரோடு

கடைசித் தேதியைத் தள்ளி வைத்தது ரிட்டர்ன் போடுவதற்குத்தான், வரி கட்டுவதற்கு அல்ல. 234பி வட்டி நிற்காது, மாதம் 1 சதவீதம், செப்டம்பர் 1 பிறந்தாலே ஒரு முழு மாதம் ஏறும். உங்களுக்கு 416 ரூபாய். முடிந்தால் ஆகஸ்ட் 31-க்குள் கட்டுங்கள். முடியாவிட்டால் 416-க்காக வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். 15-ஐ மட்டும் தாண்டாதீர்கள், தாமதக் கட்டணமே 5,000.

போர்ட்டலில் இ-பே டேக்ஸ் போய், மதிப்பீட்டு ஆண்டு 2025-26, செல்ஃப் அசெஸ்மென்ட் டேக்ஸ் (300) என்று பார்த்துக் கட்டுங்கள். ஆண்டை மாற்றிக் கட்டிவிட்டு அலைகிறவர்கள் அதிகம். சலானில் (வரி கட்டிய ரசீது) உள்ள பிஎஸ்ஆர் எண்ணும் (வங்கிக் கிளை எண்) சலான் எண்ணும் ரிட்டர்னில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். அப்புறம் ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்ப்பு. அதற்கு 30 நாள் உண்டு, நீங்கள் அன்றே முடித்துவிடுங்கள். இனி வருஷ நடுவில் கம்பெனி மாறினால் புது இடத்தில் அதற்கான படிவம் கேட்டு வாங்கிப் பழைய சம்பளத்தை எழுதிக் கொடுங்கள். மாதாமாதம் அவர்களே பிடித்துவிடுவார்கள்.