1965 எம்ஜிபி: மங்கிப்போன ஸ்மித்ஸ் மீட்டர்களை நானே திறக்கலாமா?

ரெடிங்_ரோட்ஸ்டர்:

வணக்கம். போன நவம்பரில் ஒரு எம்ஜிபி வாங்கினேன். 1965-இல் இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த, கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினும் பிரேக்கும் சரியாகிவிட்டன, இப்போது டேஷ்போர்டுதான் பாக்கி. ஸ்பீடோமீட்டர், எஞ்சின் சுற்று வேகம் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் இரண்டின் கண்ணாடிக்குள்ளும் பனி படிந்த மாதிரி ஒரு படலம். முள்ளின் வண்ணம் மங்கி, பகலிலேயே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. முப்பது மைலில் போனால் ஸ்பீடோ முள் இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் ஆடுகிறது. எல்லாவற்றையும் விட மீட்டர் விளக்குதான் கவலை. ராத்திரி வேலை முடிந்து ஏ33 நெடுஞ்சாலையில் வரும்போது என்ன வேகத்தில் போகிறேன் என்றே தெரிவதில்லை.

வெளியே கொடுத்தால் ஆகும் செலவு என் கைக்கு மீறியது. கைவேலை ஓரளவு வரும், சாலிடரிங் தெரியும். ஆனால் இந்த மீட்டர்களை இதுவரை திறந்ததில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது?

கவென்ட்ரி_முள்:

தம்பி, தாராளமாகத் திறக்கலாம். மீட்டர் ரிப்பேர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர்கள் திறந்து பழுது பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டயலில் இருக்கும் எண்களை ஈரத்தால் துடைக்காதீர்கள். தண்ணீரும் வேண்டாம், கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம், எச்சில் தொட்ட பஞ்சும் வேண்டாம். அந்த எழுத்துகள் மேலே அச்சடித்த மெல்லிய வண்ணம், அறுபது வருஷத்தில் பொடியாகியிருக்கும். ஆரம்ப காலத்தில் ஒரு ஆர்பிஎம் டயலில் தூசி போகவில்லையே என்று ஈரப்பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தேன், ‘50’ பஞ்சோடு வந்துவிட்டது. கார்க்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் மறக்கவில்லை. மெல்லிய ஓவியத் தூரிகை, கையால் அமுக்கும் காற்றுப் பந்து, இவை இரண்டும் போதும். அதற்கும் போகாத கறையை விட்டுவிடுங்கள்.

கழற்றும் முறை: பாட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். உங்கள் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பாட்டரிகள் இரண்டு இருக்கும். 1965 என்பதால் பாடியோடு சேர்ந்திருப்பது பாசிட்டிவ் முனை, முன்பு இருந்தவர் யாராவது மாற்றியிருந்தாலொழிய. அதை உறுதி செய்துகொண்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். மீட்டருக்குப் பின்னால் கையால் திருகும் நட்டுகள் ஒரு பட்டையைப் பிடித்திருக்கும், அதை எடுத்தால் மீட்டர் முன்பக்கமாக வரும். ஆர்பிஎம் மீட்டரின் முதுகில் இக்னிஷன் வயர் ஒரு சுற்று சுற்றிப் போகும். அந்தச் சுற்றின் திசை மாறினால் மீட்டர் வேலை செய்யாது. எந்த வயரையும் அவிழ்க்கும் முன் போனில் நாலு படம் எடுத்துவிடுங்கள்.

குரோம் வளையத்தின் உள்விளிம்பில் சின்ன நாக்குகள் உண்டு. வளையத்தைச் சுழற்றினால் அவை மீட்டர் உடம்பில் உள்ள பள்ளங்களுக்கு நேரே வரும், அப்போது எடுக்கலாம். சுழலாது என்பதுதான் எல்லோருக்கும் வரும் பிரச்சினை, உள்ளே இருக்கும் ரப்பர் கல்லாகியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள், வளையம் நசுங்கிவிடும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, ரப்பர் கையுறை போட்டு இரண்டு கையாலும் சமமாகத் திருப்புங்கள். வரவில்லையென்றால் ஆறவிட்டு மறுபடி சூடு. ஒரு சாயங்காலம் முழுக்க ஒரே வளையத்தோடு நான் உட்கார்ந்திருந்தது உண்டு.

முள் ஆடுவதற்குப் பெரும்பாலும் மீட்டர் காரணமில்லை, கேபிள்தான். உள்கம்பியை உருவித் துடைத்து, லேசாக கிரீஸ் போடுங்கள். மேல்முனையில் ஒரு சாண் நீளத்துக்குப் போடாதீர்கள், அது மீட்டருக்குள் ஏறிவிடும். ஸ்பீடோவுக்குள் சுழலும் காந்தமும் அதைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணமும்தான். காந்தம் சுழன்றால் கிண்ணம் இழுபடும், மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கும், அந்தச் சமநிலைதான் முள் காட்டும் வேகம். நடுவில் எண்ணெய் புகுந்தால் முள் பொய் வேகம் காட்டும். சுருள் ஸ்பிரிங்கை விரலால்கூடத் தொடாதீர்கள்.

முள்ளைக் கழற்றாமலேயே வண்ணம் பூசலாம். அடியில் ஒரு காகிதத்தைச் செருகி, நீர்த்த மாடல் பெயின்ட் ஒரே பூச்சு. தடியாகப் பூசினால் முள்ளின் எடை மாறும்.

மிட்ஜெட்_அக்கா:

விளக்கு விஷயத்தை நான் சொல்கிறேன். என் மிட்ஜெட்டிலும் (எம்ஜியின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) இதே கதைதான். பல்பு மாற்றினேன், ஒரு துளி வெளிச்சம் கூடவில்லை. அப்புறம் திறந்து பார்த்தால் மீட்டர் டப்பாவின் உட்புறம் பழுப்பேறியிருந்தது. பல்பு டயலுக்கு நேராக ஒளி அடிப்பதில்லை, உள்ளே இருக்கும் வெள்ளை வண்ணத்தில் பட்டுத்தான் வெளியே வருகிறது. பின்பக்கத்து இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி இயந்திரத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வெறும் டப்பாவை சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, உள்ளே மட்டும் பளிச்சென்ற வெள்ளை ஸ்ப்ரே அடித்தேன். அன்று ராத்திரி கராஜில் ஸ்விட்சைப் போட்டபோது மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு வித்தியாசம்.

பல்பு பிடிப்பான் செருகும் ஓட்டையின் விளிம்பில் வண்ணம் படக்கூடாது, எர்த் அங்கேதான் கிடைக்கிறது. அந்த இடத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியும்படி வையுங்கள். சில வண்டிகளில் இந்தத் துருவை எடுத்தாலே பாதி வெளிச்சம் திரும்பிவிடும். பல்பு 2.2 வாட், திருகும் வகை, எண் 987. எல்இடி போடுவதாக இருந்தால் பாசிட்டிவ் எர்த்துக்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்குங்கள். நான் பழைய பல்பிலேயே நின்றுவிட்டேன், அந்த மங்கலான நிறம்தான் இந்த டேஷ்போர்டுக்கு அழகு.

ரெடிங்_ரோட்ஸ்டர்:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. மூன்று வார இறுதிகள் ஆயின. ஆர்பிஎம் மீட்டரின் வளையம் நாலாவது சூட்டில் கழன்றது. உள்ளே வெள்ளை என்று சொல்ல ஒன்றுமே இல்லை, தேநீர் நிறம். டயலைத் தூரிகையோடு நிறுத்திக்கொண்டேன், ‘20’-க்குக் கீழே ஒரு கறை அப்படியே இருக்கிறது. ஸ்பீடோ கேபிளில் நீங்கள் சொன்னதற்கு நேர்மாறாக, மேல்முனையில்தான் கிரீஸ் அப்பியிருந்தது. துடைத்து மாட்டியபின் முள் ஆடவில்லை.

இரண்டு கேள்விகள். ஸ்பீடோ காட்டும் வேகம் சரியா என்று மேசையிலேயே பார்க்க முடியுமா? ஆயில் பிரஷரும் தண்ணீர்ச் சூடும் சேர்ந்த மீட்டரை இதே மாதிரி வெளியே எடுக்கலாமா?

கவென்ட்ரி_முள்:

பார்க்கலாம். டயலின் கீழ்ப்பகுதியில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்ற கணக்கு. 1000 என்று இருந்தால், நிமிஷத்துக்கு 1000 சுற்றில் முள் 60 மைலைக் காட்ட வேண்டும். வேகம் கூட்டிக் குறைக்கும் டிரில்லில் கேபிளின் உள்கம்பியை மாட்டிச் சுழற்றுங்கள், முள் ஏறும் திசையில் மெதுவாக ஆரம்பியுங்கள். மைல் எண்கள் கொஞ்சம் நகரும், முன்பே குறித்துவைத்து வண்டிக் காகிதத்தோடு சேர்த்துவிடுங்கள்.

அந்த இரட்டை மீட்டரை இப்போது தொடாதீர்கள், தம்பி. சூட்டு மீட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் நூல் போன்ற செம்புக் குழாயும் மீட்டரும் ஒன்றே, நடுவில் கழற்றும் இடம் கிடையாது. உள்ளே ஈதர் என்ற, சீக்கிரம் ஆவியாகும் திரவம் அடைத்திருக்கிறது. குழாய் மடிந்து விரிசல் விட்டால் ஈதர் வெளியேறி முள் அசையாது, பிறகு புதுக் குழாய் வைத்து நிரப்ப ஆள் தேட வேண்டும். எடுத்தே ஆக வேண்டுமானால் ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, எஞ்சின் முனையை முதலில் கழற்ற வேண்டும். நட்டு மட்டும்தான் சுழல வேண்டும், குழாய் கூடவே முறுக்கக் கூடாது. அது இறுகியிருந்தால் நிறுத்திவிடுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து இந்தக் கோடையை ஓட்டுங்கள். முள் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா?

ரெடிங்_ரோட்ஸ்டர்:

ஏறி இறங்குகிறது, அண்ணா. ஓடும்போது 175 ஃபாரன்ஹீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அப்படியே விட்டுவிடுகிறேன். டயலில் பொடி எழுத்து இருக்கிறது, பூதக்கண்ணாடியோடு இன்று ராத்திரி பார்க்கிறேன்.